பிள்ளை, ஒரு சின்னக் கேள்வி

பதினொரு வருடமாக ஒரே பஸ்ஸில் வேலைக்குப் போன அந்த அன்ரி, ஒவ்வொரு நாளும் ஏறும்போது சாரதியைப் பார்த்து, இது மெட்ரோவுக்குத்தானே போகிறது என்று கேட்பார். அரைகுறைப் பிரெஞ்சில், ஆனால் மரியாதையாகக் கேட்பார். சாரதி தலையை ஆட்டுவார். இவர் ‘மெர்சி’ சொல்லிவிட்டு முன் இருக்கையில் போய் உட்காருவார். தை மாதக் குளிரில் அவருக்குப் பின்னால் பத்துப் பன்னிரண்டு பேர் மூக்கு வடிய நின்றுகொண்டிருப்போம். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நான் அப்போது மொன்றியலில் கோட்-டெ-நெய்ஜில் குடியிருந்தேன். அவர் இரண்டு கட்டடம் தள்ளி இருந்தார். அறிமுகமாக ஒரு வாரம்கூட எடுக்கவில்லை, அவர்தான் கேட்டுவிட்டாரே. "பிள்ளை தமிழோ? ஊரில எவடம்?" என்றார். யாழ்ப்பாணம் என்றேன். தான் மன்னார் என்றார். பக்கத்தில் உள்ள பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் குசினியில் வேலை. அறுபதுக்குக் கிட்ட வயது. கணவர் காலமாகிவிட்டார், பிள்ளைகள் இல்லை. எல்லாவற்றையும் மூன்று பஸ் தரிப்புக்குள் சொல்லி முடித்தார், என்னிடமும் அதேயளவு கேட்டு முடித்தார்.

ஒரு நாள் எனக்குப் பொறுக்கவில்லை.

"அன்ரி, இந்த பஸ் மெட்ரோவுக்குப் போகாமல் வேற எங்க போகப் போகுது? ஒவ்வொரு நாளும் இதைத்தானே கேக்கிறியள்?"

"கேக்கிறதுக்கு வரியே பிள்ளை?" என்றார். குரலில் கோபம் இல்லை. "நேற்று மாதிரித்தான் இண்டைக்கும் றோட்டு இருக்கும் எண்டு ஆர் சொன்னது?"

அந்த வருடம் வைகாசியில் ஒரு காலை, வழக்கம்போலக் கேட்டுவிட்டு அவர் படியிலிருந்தே திரும்பி இறங்கிவிட்டார். வீதியைக் கிண்டிப் போட்டிருக்கிறார்களாம், பஸ் வேறு பக்கமாகத் திரும்புகிறதாம். வரிசையில் நின்ற ஒவ்வொருவரிடமும் போய், தெரிந்த மொழியிலும் கையாலும் அதைச் சொன்னார். நான் காதில் பாட்டைச் செருகியிருந்தேன். தோளில் தட்டினார். அன்ரி தன் பல்லவியைத் தொடங்கிவிட்டார் என்று நினைத்துச் சும்மா தலையாட்டிவிட்டு ஏறினேன். முக்கால் மணித்தியாலம் பிந்தித்தான் வேலைக்குப் போனேன். பின்னேரம் கண்டபோது, நான் சொன்னனான்தானே என்று அவர் ஒரு சொல் சொல்லவில்லை. "பிந்தினதுக்கு ஏசினவையோ பிள்ளை?" என்று மட்டும் கேட்டார்.

அவருடைய பெயரை இங்கே எழுதப் போவதில்லை. நான் அவருக்குச் செய்ததற்கு இன்றுவரை மன்னிப்புக் கேட்கவில்லை. அப்படியிருக்க, ஊரறியப் பெயரையும் இழுத்து விடுவதற்கு எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

அவரோடு குசினியில் வேலை செய்த ஒரு பெண் பின்னர் சொல்லித்தான் இது தெரியும். நோயாளிகளுக்குப் போகும் சாப்பாட்டுத் தட்டுகளில் ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு ஒட்டியிருக்குமாம், யாருக்கு உப்பில்லாமல், யாருக்குச் சீனியில்லாமல் என்று. இவர் துண்டையும் பார்ப்பார், தட்டையும் பார்ப்பார், கொஞ்சம் இடித்தாலும் மேலே போய்த் தாதியிடம் கேட்பார். மேற்பார்வையாளருக்கு இது அறவே பிடிக்காது. வேலை மெதுவாகிறதாம். ஒரு நாள் சீனி வருத்தக்காரர் ஒருவருக்குப் போகவிருந்த தட்டில் பழச்சாறும் கேக்கும் இருந்ததை இப்படிக் கேட்டுத்தான் நிறுத்தினாராம். அதற்கு ஒருவரும் நன்றி சொல்லவில்லை. இரண்டு படி ஏறி இறங்கிய நேரத்துக்குத்தான் ஏச்சு விழுந்ததாம்.

பூனை அவரிடம் வந்ததும் இப்படிக் கேட்டுக் கேட்டுத்தான். யூலை முதலாம் திகதி இந்த ஊரே வீடு மாறும். கட்டில், மெத்தை, குளிர்சாதனப் பெட்டி என்று எல்லாம் நடைபாதைக்கு வரும். சிலர் தங்கள் பூனையையும் விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அவருடைய கட்டடத்தின் மாடிப்படியில் அப்படி ஒரு சாம்பல் நிறக் கடுவன் பூனை கிடந்தது. வேறு யாராக இருந்தாலும் ஒன்றில் தூக்கிக்கொண்டு போவார்கள், இல்லாவிட்டால் தாண்டிப் போவார்கள். இவர் ஒரு கிழமை முழுக்க நாலு மாடியிலும் கதவு கதவாகத் தட்டி, இது உங்களுடையதா என்று கேட்டார். கடைசியில் கட்டடப் பொறுப்பாளரிடம் போய், நான் வைத்திருக்கலாமா என்று கேட்டு, அவர் ஓம் என்ற பிறகுதான் தூக்கினார். துரை என்று பெயர் வைத்தார். பூனையைப் பற்றிக் கதைக்கும்போது மரியாதை தவறாது. துரை எழும்பிவிட்டார், துரை இன்றைக்கு மீனைத் தொடவில்லை, துரைக்கு என்னோடு கோபம்.

"அவர் என்னட்டை வந்தவர். நான் வாங்கினதில்லை. அப்ப வடிவாப் பாக்கவெல்லோ வேணும்," என்றார் ஒருமுறை.

இப்போது என்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் மிச்சக் கதை விளங்காது.

நான் செயின்ட்-மிஷேலில் ஒரு மிருக வைத்தியரிடம் வரவேற்பு மேசையில் வேலை செய்தேன். நேரம் பதிவது, தொலைபேசி எடுப்பது, பயந்த நாய் நனைத்த தரையைத் துடைப்பது, இவைதான் என் வேலை. டொக்டர் சொல்வதைக் காதில் வாங்கி வாங்கி ஏழு வருடத்தில் கொஞ்சம் விசயம் ஏறியிருந்தது. வாட்ஸ்அப்பில் மொன்றியல் தமிழர் வளர்க்கும் பிராணிகளுக்காக ஒரு குழு தொடங்கினேன். இருநூறு பேரளவில் சேர்ந்தார்கள். யாரோ ஒரு பெடியன் பகிடியாக ‘டொக்டர் அக்கா’ என்று எழுத, அதுவே பெயராகிவிட்டது. நான் மறுக்கவில்லை. மறுத்திருக்க வேண்டும்.

பகலில் மேசைக்கு வருபவர்கள் என் பிரெஞ்சைத் திருத்துவார்கள். நான் ஒரு வசனத்தைத் தொடங்கினால் அவர்களே முடித்துவிடுவார்கள். குழுவுக்குள் வந்தால் என் வாயைப் பார்த்துக்கொண்டு இருநூறு பேர். அந்த ருசி ஒரு முறை பிடித்துவிட்டால் விடாது. ஒருவர், நாய்க்கு இடியப்பம் குடுக்கலாமோ என்று கேட்டார். "சொதியும் விட்டுக் குடுங்கோ, பின்னேரம் எழும்பி வந்து கோப்பை கழுவித் தருவார்," என்று எழுதினேன். கிளி தன் இறகைத் தானே பிடுங்குகிறது என்றார் இன்னொருவர். "உங்கட கதையைக் கேட்டுக் கேட்டுத்தான் பிச்சுக்கொள்ளுது போல," என்றேன். சிரிப்பு முகங்கள் வந்து கொட்டும். அந்தக் கிளிக்கு உண்மையில் என்ன நடந்தது என்று நான் பிறகு கேட்டதே இல்லை. இப்போது நினைத்தால் காது சுடுகிறது.

இந்தக் குழுவில் அவரைச் சேர்த்ததும் நான்தான். பஸ்ஸில் துரையைப் பற்றிக் கேட்டுக் கேட்டு என் காலை நேரத்தைத் தின்றார், அதிலிருந்து தப்பத்தான் சேர்த்தேன். அவருக்கு எழுத்தில் தட்டுவது சரிவராது. குரலைப் பதிந்து அனுப்புவார். பின்னால் ஆஸ்பத்திரிக் கோப்பைகள் மோதும் சத்தமோ, மெட்ரோக் கதவு மூடும் மணியோ கேட்கும். எல்லாப் பதிவும் ஒரே மாதிரித்தான் தொடங்கும்.

"பிள்ளை, ஒரு சின்னக் கேள்வி. துரை யன்னலுக்குக் கிட்ட இருந்து ஒரு மாதிரிப் பாக்கிறார். கண்ணாடி குளிராக் கிடக்கு. துணி ஒண்டு விரிச்சு விடலாமோ?"

"பிள்ளை, ஒரு சின்னக் கேள்வி. நான் பாரை மீன் அவிச்சனான், மஞ்சள் போட்டிட்டன். துரைக்குக் குடுக்கலாமோ, இல்லாட்டி வேற அவிக்கவோ?"

"பிள்ளை, ஒரு சின்னக் கேள்வி. நான் வேலையால வரப் பிந்தினா அவர் யோசிப்பாரோ?"

ஒரு நாளைக்கு ஒன்று, சில நாளில் இரண்டு. ஆறுதலாக இருந்து யோசித்தால் ஒன்றாவது முட்டாள் கேள்வி இல்லை. மஞ்சளைப் பற்றிக் கேட்டவர் வெங்காயத்தைப் பற்றியும் கேட்டார், வெங்காயம் பூனைக்கு நஞ்சு. அந்த ஒரு கேள்வியால் குழுவில் எத்தனை பேர் கறி ஊற்றிக் கொடுப்பதை நிறுத்தினார்கள். அவர்களும் கொடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள், கேட்கத்தான் வெட்கப்பட்டார்கள். அவருக்கு அந்த வெட்கம் கிடையாது. நான்தான் அதைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மாசி மாதத்தில் பியர்பொன்ட்ஸில் சிநேகிதி ஒருத்தியின் வீட்டில் பிறந்தநாள் விழா. வெளியே முழங்கால் அளவு பனி, உள்ளே குழுவைச் சேர்ந்த ஏழெட்டுப் பேர். பேச்சு அவரைப் பற்றித் திரும்பியது. ஒருத்தி, "அன்ரி மாதிரி ஒருக்காச் செய்து காட்டுங்கோ அக்கா," என்றாள். எனக்குக் குரல் பிடிக்க வரும், பள்ளிக்கூடத்தில் இருந்தே வரும். செய்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். இன்னொருத்தி கைபேசியை நீட்டினாள். நானே பதிவை அழுத்தி, மன்னார்ப் பேச்சின் இழுவையோடு சொன்னேன்.

"பிள்ளை, ஒரு சின்னக் கேள்வி. துரை என்னைப் பாக்கிறார். நானும் துரையைப் பாக்கிறன். இப்ப ஆர் முதல் கண் வெட்டுறது?"

அதைக் குழுவிலேயே போட்டேன். அதற்குக் கீழே ஒரு அறிவித்தலும் எழுதி, எல்லாரும் பார்க்கும்படி மேலே குத்தி வைத்தேன். பூனை தும்மினது, கொட்டாவி விட்டது, முகத்தைத் திருப்பினது போன்ற கேள்விகளுக்கு இங்கே இடமில்லை, மற்றவர்களின் நேரத்தையும் மதிக்கவும் என்று. குழு தொடங்கிய நாளில் இருந்து அவ்வளவு சிரிப்பு முகம் எதற்கும் விழவில்லை.

ஒரு மணித்தியாலம் கழித்து அவரிடமிருந்து பதில் வந்தது. குரல் இல்லை. முதல்முறையாக எழுத்து. யாரையாவது பிடித்து எழுதுவித்தாரா, தானே ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினாரா, தெரியாது. "மன்னிக்கவும் பிள்ளை. இனிக் கரைச்சல் தரமாட்டன்." பக்கத்தில் கூப்பிய கை.

"சும்மா பகிடிக்குத்தான் அன்ரி," என்று போட்டுவிட்டு கேக் வெட்டப் போனேன்.

அதோடு நின்றது. தவக்காலம் முழுக்கக் குழுவில் அவருடைய குரலே இல்லை. பஸ்ஸில் கண்டால் சிரிப்பார், சுகம் கேட்பார், துரையைப் பற்றி வாய் திறக்க மாட்டார். நானும் கேட்கவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கு ஆறுதலாக இருந்தது. ஒரு பகிடியால் ஒழுங்கு வந்துவிட்டது என்று சிநேகிதியிடம் பெருமையாகக்கூடச் சொன்னேன்.

அவர் கத்தோலிக்கர், நான் இந்துக் கோயிலுக்குப் போகிறவள். உயிர்த்த ஞாயிறுக்குப் பீடத்தைச் சுற்றி வெள்ளை லில்லிச் சட்டிகளை வரிசையாக வைத்துச் சோடிப்பார்கள் என்பதும், பூசை முடிந்த பிறகு சோடிக்க உதவியவர்களுக்கு ஒவ்வொரு சட்டியைக் கொடுத்துவிடுவார்கள் என்பதும் எனக்குத் தெரியாது. என் மேசைக்குப் பக்கத்துச் சுவரில் ஒவ்வொரு வருடமும் பங்குனி பிறந்ததும் ஒரு படம் ஒட்டுவோம். லில்லி பூனைக்கு நஞ்சு. இலை, பூ, மகரந்தம், சட்டியில் ஊறிய தண்ணீர், எதுவும் போதும், சிறுநீரகம் போய்விடும். அதை ஏழு வருடமாக என் கையாலேயே ஒட்டினேன். தமிழில் எழுதிக் குழுவில் போட வேண்டும் என்று ஒரு முறைகூடத் தோன்றவில்லை. எங்கள் ஆட்களின் வீட்டில் யார் லில்லி வைக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். குழுவில் பாதிப் பேர் தேவாலயத்துக்குப் போகிறவர்கள்.

அந்த வருட உயிர்த்த ஞாயிறுக்கு அடுத்த நாள், திங்கட்கிழமை. எனக்கு விடுமுறை. சோபாவில் சாய்ந்துகொண்டு ஒருவருக்கு நாய்ச் சவர்க்காரத்தைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன். அப்போது திரையின் மேலே, குழுவின் பெயருக்குக் கீழே, அவருடைய பெயரும் ‘ஒலி பதிகிறார்’ என்ற சிறிய வரியும் தெரிந்தது. பார்த்துக்கொண்டிருந்தேன். அரை நிமிடம் இருந்தது, மறைந்தது. ஒன்றும் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் தெரிந்தது. மறுபடியும் மறைந்தது.

நான் என்ன நினைத்தேன் என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். பரவாயில்லை, அன்ரி பாடம் படித்துவிட்டார் என்று நினைத்தேன். எனக்குச் சிரிப்பும் வந்தது. ‘என்ன அன்ரி, சொல்லுங்கோ’ என்று தட்டுவதற்கு ஐந்து விநாடி போதும். நாய்ச் சவர்க்காரத்துக்குத் திரும்பினேன்.

புதன்கிழமை காலை அவர் துரையோடு என் வேலையிடத்துக்கு வந்தார். நீலப் பாதை மெட்ரோவில் கோட்-டெ-நெய்ஜிலிருந்து கடைசித் தரிப்பான செயின்ட்-மிஷேல் வரைக்கும், சாமான் வாங்கும் பையில் துவாய் விரித்து, அதற்குள் பூனையை வைத்து மடியில் அணைத்துக்கொண்டு வந்திருக்கிறார். நேரம் பதியவில்லை. என்னைக் கண்டதும், "பிள்ளை, முன்னமே கேக்காமல் வந்திட்டன், பறவாயில்லையோ?" என்றார்.

பையைத் திறந்தேன். துரையின் மூக்கில் மஞ்சள் நிற மகரந்தம் ஒட்டியிருந்தது. சுவரில் இருந்த படத்தைப் பார்த்தேன். பிறகு அவரைப் பார்க்க முடியவில்லை.

டொக்டர் நல்லவர், கியூபெக்காரி, வேகமாகக் கதைப்பார், தமிழாட்கள் வந்தால் மொழிபெயர்க்க என்னைத்தான் உள்ளே கூப்பிடுவார். இரத்தம் எடுத்தார், வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். சிறுநீரகம் இரண்டும் நின்றுவிட்டன, இனி ஒன்றும் செய்ய முடியாது என்றார். அதைத் தமிழில் சொன்னேன். அன்ரி துரையின் காதுக்குப் பின்னால் தடவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். வீட்டில் லில்லி இருக்கிறதா என்று டொக்டர் கேட்டார். இருக்கிறது என்றார் அன்ரி, கோயிலில் தந்தது, கொண்டு போகலாமா என்று ஃபாதரிடம் இரண்டு தரம் கேட்டுத்தான் எடுத்தது என்றார்.

எப்போது வாந்தி, சத்தி எடுக்கத் தொடங்கியது என்று டொக்டர் கேட்டார். திங்கட்கிழமை காலை.

"அன்றைக்கே கொண்டு வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம். ஏன் புதன்கிழமை வரைக்கும் இருந்தார் என்று கேளுங்கள்," என்றார் டொக்டர் என்னிடம் பிரெஞ்சில்.

நான் கேட்டேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சொன்னார். குறையாகச் சொல்லவில்லை, நடந்ததை நடந்தபடி சொன்னார்.

"ஞாயிற்றுக்கிழமை பூவைக் கொண்டு வந்த உடனயே ஒண்டு பதிஞ்சனான் பிள்ளை, துரை இருக்கிற வீட்டில இதை வைக்கலாமோ எண்டு. பேந்து, பூவுக்கும் கேள்வியோ எண்டு சிரிப்பினம், அழிச்சுப் போட்டன். திங்கட்கிழமை சத்தி எடுத்தார். அப்பவும் ரண்டு தரம் பதிஞ்சனான். நீங்கள் ஒன்லைனில நிண்டனீங்கள், கண்டனான். சத்தியெண்டா சின்னக் கேள்விதானே எண்டு அதையும் அழிச்சிட்டன். செவ்வாய்க்கிழமை பேசாமல் படுத்திருந்தார், சுகமெண்டு நினைச்சன்."

டொக்டர் பேனையைப் பிடித்தபடி என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவ்வளவு நீளமாக அவர் என்ன சொன்னார் என்று கேட்கும் பார்வை.

நான் பிரெஞ்சில் சொன்னேன். "கவனிக்கவில்லையாம்."

அவ்வளவுதான் சொன்னேன். வேறு பொய் எதுவும் யோசித்துக் கட்டவில்லை, வாயில் தானாக வந்தது. என் வேலை, என் பெயர், டொக்டருக்கு முன்னால் என் முகம், எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டன.

அவருடைய பிரெஞ்சு அரைகுறைதான். ஆனால் கவனிக்கவில்லை என்ற சொல்லைப் பதினொரு வருடமாகக் குசினியில் மேற்பார்வையாளரின் வாயிலிருந்து கேட்டவர். அது அவருக்கு விளங்கியது. என்னை ஒரு தரம் பார்த்தார். பிறகு டொக்டர் பக்கம் திரும்பி, பிரெஞ்சிலேயே, "வீ, டொக்டர்," என்றார். ஓம் என்று ஏற்றுக்கொண்டார்.

டொக்டர் பெருமூச்சு விட்டு எழுதினார். எழுதிக்கொண்டே, "கடிந்துகொள்வதற்காகச் சொல்லவில்லை. இனி ஒரு பூனை வளர்த்தால் கொஞ்சம் கவனமாகப் பார்க்கச் சொல்லுங்கள்," என்றார்.

அதையும் நான்தான் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். "இனி வடிவாக் கவனிக்கட்டாம், அன்ரி."

"ஓம் பிள்ளை. கவனிக்கிறன் எண்டு சொல்லுங்கோ."

துரையைக் கடைசியாகத் தூங்கவைக்கும் ஊசி போடுவதற்கு முன்னால் அன்ரி என் சட்டைக் கையை மெதுவாகப் பிடித்தார். "துரைக்கு நோகுமோ எண்டு டொக்டரிட்டை ஒருக்காக் கேக்கலாமோ?" என்றார். கேளுங்கோ என்று சொல்லவில்லை, கேட்கலாமா என்றார். கேட்டேன். நோகாது என்று டொக்டர் சொன்னார். அதை மட்டும் சரியாக மொழிபெயர்த்தேன்.

அன்று பின்னேரம் குழுவில் லில்லியைப் பற்றி எழுதினேன். நல்ல தமிழில், ஒரு குத்தலும் இல்லாமல், படத்தோடு. யாருடைய பூனை என்று எழுதவில்லை, ஏன் பிந்தியது என்றும் எழுதவில்லை. நன்றி அக்கா, நல்ல தகவல் அக்கா, உங்களால் எத்தனை உயிர் தப்பும் அக்கா என்று வந்தது. ஒவ்வொன்றுக்கும் இதயம் போட்டேன். என் பழைய குரல் பதிவை அழிக்கப் பார்த்தேன். என் கைபேசியில் அழிந்தது, மற்றவர்களிடம் அழியவில்லை, நாள் கடந்துவிட்டதாம். இன்றைக்கும் யாரோ ஒருவரின் கைபேசியில் அது கிடக்கும்.

பிறகு இரண்டு மாதம் ஒரு பஸ் முந்திப் போனேன். அவரைக் காணாமல் இருப்பதற்காக அரை மணித்தியாலம் முன்னதாக எழும்பினேன். கடைசியில் என்னாலேயே என்னைத் தாங்க முடியவில்லை. ஆனி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போனேன். பூசை முடியும்வரை வெளியே நின்று சொல்ல வேண்டியதை மனதுக்குள் சரிப்படுத்தினேன். மூன்றே வசனம். அன்ரி, டொக்டரிட்டை நான் பொய் சொன்னனான். நீங்கள் கவனிக்காமல் விடேல்லை. என்ர வாய்க்குப் பயந்துதான் நீங்கள் கேக்கேல்லை.

கீழே மண்டபத்தில் தேத்தண்ணி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்தான் பெரிய கேத்திலோடு நின்றார். கொஞ்சம் மெலிந்திருந்தார். என்னைக் கண்டதும் கேத்திலை வைத்துவிட்டு வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"என்ன பிள்ளை, எங்கட கோயிலுக்கோ? வாங்கோ, வாங்கோ."

"அன்ரி, உங்களோட தனிய ஒரு விசயம் கதைக்கோணும்," என்றேன்.

"கதைப்பம், முதல் தேத்தண்ணி குடியுங்கோ." என் கையை விடாமல் மேசையடியில் நின்ற நாலைந்து பெண்களிடம் இழுத்துக்கொண்டு போனார். "நான் சொல்லுவன் எல்லே, மிருக டொக்டரிட்டை வேலை செய்யிற பிள்ளை. துரைக்குக் கடைசி நேரத்தில பக்கத்தில நிண்டது இவதான். உங்கட நாய் பூனைக்கு என்னெண்டாலும் இவவைக் கேளுங்கோ. யோசியாமல் கேளுங்கோ."

அவருடைய முகத்தைத் தேடிப் பார்த்தேன். குத்தல் இருந்தால் எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியும், அது என் தொழில். ஒரு துளியும் இல்லை.

கைக்குழந்தையோடு நின்ற ஒரு பெண் முன்னால் வந்தாள். மூத்த மகளின் முயல் நேற்றிலிருந்து சாப்பிடவில்லை, இதைக் கேட்கலாமோ தெரியவில்லை, சின்ன விசயமாக இருக்கும் என்று இழுத்தாள். நான் கோப்பையை மேசையில் வைத்தேன். கடைசியாக எப்போது சாப்பிட்டது, தண்ணீர் குடிக்கிறதா, புழுக்கை போடுகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். போடவில்லை என்றாள். "சின்ன விசயமில்லை தங்கச்சி. முயல் ஒரு நாள் சாப்பிடாட்டியே ஆபத்து. நான் டொக்டர் இல்லை. இண்டைக்கே, இப்பவே கொண்டு போங்கோ. ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கிற இடம் நான் தேடித் தாறன்," என்றேன். அவளுடைய கைபேசியிலேயே தேடிக் கொடுத்தேன். அவள் குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு ஓடினாள்.

அவர் மற்றப் பெண்கள் பக்கம் திரும்பினார். முகமெல்லாம் மலர்ந்திருந்தது.

"பாத்தியளோ," என்றார், "என்ன தன்மையாச் சொல்லுறா. இப்பிடி ஒராள் இருந்தா எங்களுக்கு என்ன பயம்?"

பிறகு என்னிடம், "ஏதோ தனியக் கதைக்கோணும் எண்டனீங்கள் பிள்ளை?" என்றார்.

எல்லாரும் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒன்றுமில்லை அன்ரி, சும்மா உங்களைப் பார்த்துவிட்டுப் போக வந்தனான் என்றேன். அவர் சந்தோசப்பட்டு மேசையில் இருந்த பற்றிஸ் பலகாரம் ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார். சாப்பிட்டேன். இன்னொன்று எடுக்கச் சொன்னார். அதையும் எடுத்தேன்.